தங்க நகை படாமல் தடவவும்

முகத்தை வெளுக்க வைப்பதாகச் சொல்லும் சில க்ரீம் டப்பாக்களில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கும்: தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் தடவவும். வாங்குகிறவர் அதை அக்கறையாகத்தான் எடுத்துக்கொள்வார். நகை கெட்டுவிடக் கூடாது என்று நினைக்கிற கம்பெனி, நல்ல கம்பெனியாகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றும். டப்பாவுக்குள் இருப்பது என்ன என்பதை அந்த ஒரு வரியே காட்டிக்கொடுத்துவிடுகிறது. தங்கத்தைத் தொட்டதும் அதோடு கலந்து அதை வெளுக்க வைக்கும் பொருள் பாதரசம். பாதரசம் கலந்த க்ரீமை அடையாளம் காண உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வழிகளில் இந்த நகை எச்சரிக்கையும் ஒன்று. தாலிக்கொடிக்கு ஆகாத ஒன்றைத்தான் கழுத்துத் தோலுக்குத் தடவச் சொல்கிறார்கள்.

அழகு சிகிச்சை என்றதும் சினிமாக்காரர்கள் ஞாபகத்துக்கு வருவார்கள். எலவனாசூர்கோட்டையில் இருக்கும் ஒருவர் நெற்றிச் சுருக்கத்துக்கு ஊசி போட வேண்டுமென்றால் சேலத்துக்கோ பாண்டிச்சேரிக்கோ சென்னைக்கோ பஸ் ஏற வேண்டும். ஆனால் உளுந்தூர்பேட்டை - சேலம் சாலையில் இருக்கும் இந்த மாதிரி ஊர்களில் அழகு சிகிச்சையே நடப்பதில்லை என்று நினைத்துவிடக் கூடாது. ஃபேன்ஸி ஸ்டோர், மெடிக்கல், பார்லர், சலூன் என்று நாலு கடைக்குள் அது நடந்து முடிந்துவிடுகிறது. மருத்துவர் கிடையாது, சீட்டு கிடையாது, பில்லும் கிடையாது. "ஃபாரின் சரக்குக்கா, ஒரே வாரத்துல தெரியும்" என்ற உத்தரவாதம் மட்டும் உண்டு. பெண் பார்க்க வருகிற தேதி குறித்தாகிவிட்டது, அல்லது கன்னத்தில் மங்கு விழுந்துவிட்டது, அல்லது நாற்பது வயதில் முகம் கறுத்துப்போய்விட்டது என்று யாராவது ஜாடையாகச் சொல்லிவிட்டார்கள். டப்பா வீட்டுக்கு வந்துவிடும். சென்னை கிளினிக்கின் ஊசியைவிட இந்த டப்பாதான் பெரிய ஆபத்து என்பது என் கணிப்பு. ஊசி போட்டவருக்குப் பெயரும் பதிவு எண்ணும் இருக்கும், கேள்வி கேட்க முடியும். டப்பாவில் தயாரிப்பாளரின் முகவரிகூட இருக்காது.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தக் க்ரீம் வேலை செய்யும். தோலுக்கு நிறம் தருவது மெலனின். அதைத் தயாரிக்க டைரோசினேஸ் என்ற நொதி வேண்டும். அந்த நொதி இயங்குவதற்குச் செம்பு அணுக்கள் தேவை. பாதரசம் அங்கே போய்ப் புகுந்துகொண்டால் நொதி முடங்கும், மெலனின் உற்பத்தி குறையும், முகம் வெளுக்கும். கண்ணாடியில் பலன் தெரிவதால்தான் இரண்டாவது டப்பாவும் வாங்கப்படுகிறது. ஆனால் பாதரசம் முகத்தோடு நிற்பதில்லை. தோல் வழியாக ரத்தத்துக்குப் போய்ச் சிறுநீரகத்தில் தங்குகிறது. தலையணை உறையிலும் துண்டிலும் ஒட்டிக்கொண்டு, க்ரீமைத் தொட்டே பார்க்காத பிள்ளைகளின் உடம்புக்குள்ளும் போகிறது.

இது நடந்தால் என்ன ஆகும் என்பதை 2023-இல் கேரளத்தின் மலப்புறம் மாவட்டம் காட்டியது. கோட்டக்கல்லில் உள்ள ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனைக்கு 14 வயதுச் சிறுமி ஒருத்தி வந்தாள். சிறுநீரில் புரதம் கொட்டிக்கொண்டிருந்தது. அந்த வயதில் வழக்கமாக வருகிற சிறுநீரக நோய் அது இல்லை. அவளுடைய உறவினர் ஒருவருக்கும் அதே தொந்தரவு. சிறுநீரக மருத்துவர்கள் சஜீஷ் சிவதாஸும் ரஞ்சித் நாராயணனும் விசாரித்துக்கொண்டே போனபோது, இருவரும் முகத்துக்கு ஒரே க்ரீம் போட்டது தெரிந்தது. பிறகு பழைய நோயாளிகளின் கோப்புகளையும் புரட்டிப் பார்த்தார்கள். 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சிறுநீரக வடிகட்டியின் சவ்வு தடித்துப்போகும் நோயோடு வந்தவர்கள் 22 பேர். அவர்களில் 15 பேரின் திசுவில் நெல்-1 என்ற புரதம் படிந்திருந்தது. அந்தப் 15 பேரில் 13 பேர் முகம் வெளுக்கும் க்ரீம் பயன்படுத்தியதை ஒப்புக்கொண்டார்கள். பெரும்பாலானோருக்கு க்ரீமை நிறுத்தியதும் நோய் தணிந்தது என்பது ஆறுதலான செய்தி. இதற்கு முன்பே, 2022-இல், சென்னைச் சிறுநீரகத் திசு நோயியலாளர் அனிலா ஆபிரகாம் குரியனின் குழு, பாதரசம் கலந்த நாட்டு மருந்துகளைச் சாப்பிட்டவர்களிடம் இதே நெல்-1 நோயைக் கண்டு எழுதியிருந்தது. வாய் வழியே போனாலும் கன்னம் வழியே போனாலும் சிறுநீரகத்துக்கு எல்லாம் ஒன்றுதான்.

கேரள அரசு அதே 2023-இல் 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் கடைகளில் சோதனை தொடங்கியது. 2025 ஜனவரியில் வெளியான அறிவிப்பின்படி சில பொருள்களில் பாதரசம் அனுமதித்த அளவைப் போல 12,000 மடங்கு இருந்தது. இந்தியாவின் 2020 அழகுசாதன விதிகளின்படி, கண்ணுக்குத் தீட்டுபவை தவிர மற்றவற்றில் தவறுதலாகக் கலந்தாலும் பத்து லட்சத்தில் 1 பங்குக்கு மேல் பாதரசம் இருக்கக் கூடாது. விதி தெளிவாகத்தான் இருக்கிறது. முகவரி இல்லாத டப்பாவிடம் அதைக் காட்ட முடியாது, அவ்வளவுதான்.

இப்படி ஒரு க்ரீமை மாதக்கணக்கில் போட்டவர்கள் கவனிக்க வேண்டியது முகத்தை இல்லை. காலையில் எழுந்ததும் கண் இமை வீங்கியிருக்கிறதா, சாயங்காலம் கணுக்காலை அழுத்தினால் குழி விழுகிறதா, சிறுநீர் சோப்புத் தண்ணீர் மாதிரி நுரைத்து நுரை அடங்காமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். சிறுநீரில் புரதம் இறங்குகிறதா என்பது ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சில நிமிடங்களில் தெரிந்துவிடும். மருத்துவரிடம் போகும்போது டப்பாவையும் எடுத்துப் போக வேண்டும். டப்பாவை மறைத்துவிட்டு, கால் வீக்கத்தை மட்டும் காட்டுவதுதான் வழக்கமாக நடப்பது.

இரண்டாவது ரகம் மெடிக்கலில் கிடைக்கிற ட்யூப். பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன் போன்ற பெயர்கள். எல்லாம் ஸ்டீராய்டு. சரியான நோய்க்கு, சரியான இடத்தில், சரியான நாள்கள் தடவினால் அருமையான மருந்து. படர்தாமரைக்கு ஒரு தரம் வாங்கி, மிச்சத்தை முகத்தில் போட்டுப் பார்த்து, "அட, பளிச்சுன்னு ஆயிடுச்சே" என்று தொடர்கிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ரத்தக் குழாய்கள் சுருங்குவதால் வருகிற பளிச் அது. உள்ளே கொலாஜன் உற்பத்தி குறைந்துகொண்டே வரும். சில மாதங்களில் தோல் மெலிந்து சிவப்பு நரம்போட்டம் தெரியும், பரு கிளம்பும், கன்னத்தில் ரோமம் முளைக்கும். வயதைக் குறைக்கப் போட்டது, தோலை மட்டும் பத்து வருடம் முன்னால் தள்ளிவிடும். நிறுத்தினாலோ முகம் தீப்பட்டது போல எரிந்து சிவக்கும். பயந்துபோய் மறுபடியும் தடவுவார்கள். இந்தியாவின் பல நகரங்களில் தோல் மருத்துவர்கள் சேர்ந்து நடத்தி 2011-இல் வெளியிட்ட ஆய்வில், முகப் பிரச்சினையோடு வந்த 2,926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டு தடவியவர்கள். 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு பூச்சுகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. கவுண்ட்டரில் எந்த அளவுக்கு அது மதிக்கப்படுகிறது என்பதை வாசகரே சொல்லட்டும். ஏற்கெனவே போட்டுப் பழகியவர்கள் திடீரென்று விட்டுவிடக் கூடாது. படிப்படியாக இறக்கத் தோல் மருத்துவர் வேண்டும். கள்ளக்குறிச்சி சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022-இல் வந்துவிட்டது. அதற்காகச் சென்னைக்கு ஓட வேண்டியதில்லை.

சரி, எதை அழிக்க இத்தனை பாடு? நம் தோலில் வயது முதலில் காட்டுவது சுருக்கத்தை இல்லை. திட்டுத் திட்டாகக் கறுப்பு, மங்கு, கண்ணோரம் மங்கலான வளையம் என்று நிறமாகத்தான் அது வரும். சுருக்கம் நிதானமாகப் பின்னால் வரும். இந்த நிறமாற்றத்தில் பெரும் பங்கு வயதுடையது என்பதைவிட வெயிலுடையது. எலவனாசூர்கோட்டை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 12 பாகைக்குச் சற்றுக் குறைவான தொலைவில் இருக்கிறது. ஏப்ரல் 20-ஐ ஒட்டி ஒருமுறை, ஆகஸ்ட் 20-ஐத் தாண்டி ஒருமுறை, உச்சிவேளையில் நட்டுவைத்த கம்புக்கு நிழலே விழாது. நேர் உச்சியிலிருந்து வரும் ஒளி காற்றில் கடந்துவரும் தூரம் குறைவு; புற ஊதாக் கதிர் அதிகம் மிஞ்சுகிறது. கல்வராயன் மலையில் காற்று சில்லென்று இருப்பதால் வெயில் உறைப்பதில்லை என்று நினைப்போம். வெப்பம் வேறு, புற ஊதா வேறு. 1,000 மீட்டர் ஏறினால் புற ஊதா சுமார் 10 சதவீதம் கூடும்.

வெயில் என்ன செய்யும் என்பதற்கு மருத்துவ உலகில் பிரபலமான படம் ஒன்று உண்டு. 2012-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. 28 ஆண்டுகள் சரக்கு வண்டி ஓட்டிய 69 வயது அமெரிக்கர். முகத்தின் வலப்பக்கம் அவர் வயதுக்குரியது. ஜன்னல் பக்கமிருந்த இடப்பக்கம், அவருடைய அப்பாவின் முகம் போல, தடித்துத் தொங்கி, வரி வரியாக இருந்தது. புற ஊதாவில் 'பி' வகையைக் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடும். 'ஏ' வகை கண்ணாடியைத் தாண்டி வந்து, தோலின் அடி அடுக்குக்குப் போய்க் கொலாஜனை அறுக்கும் நொதிகளைக் கிளப்பிவிடும். நம் ஊரில் ஸ்டியரிங் வலப்பக்கம். சேலம் ரோட்டில் டீ குடிக்க இறங்கும் லாரி டிரைவரின் வலது முழங்கையையும் இடது முழங்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வலது முழங்கை மூத்ததாக இருக்கும்.

இந்த வெயிலுக்கு எதிராகத் தோல் தானாகவே விரித்துக்கொள்ளும் குடைதான் மெலனின். 1979-இல் கைட்பே என்ற ஆய்வாளரும் சகாக்களும் தோலின் மேலடுக்கை எடுத்து அளந்து பார்த்தார்கள். கறுப்பினத்தவரின் மேல்தோல் சன்ஸ்க்ரீன் கணக்கில் 13.4 அளவுக்குப் பாதுகாப்புத் தந்தது. வெள்ளையரின் தோல் 3.4 மட்டும். நம்முடையது இரண்டுக்கும் நடுவில் எங்கோ. வருடம் முழுக்க வெயில் அடிக்கிற ஊரில் அந்தக் குடையைப் பணம் கொடுத்துக் கிழிக்கிறோம். கிழித்த பிறகு வயலுக்கும் போகிறோம்.

பாதுகாப்பு என்றால் என்ன என்று இந்தப் பக்கத்துப் பெண்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நாற்று நடவிலும் கரும்புச் சோகை உரிப்பிலும் நூறு நாள் வேலையிலும் அவர்களைப் பார்த்தால் தெரியும்: சேலைக்கு மேல் வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் சும்மாடு கட்டிய துண்டு. தோல் மருத்துவத்தின் கண்ணில் அது முதல் தரமான ஏற்பாடு. இரண்டே திருத்தங்கள் சொல்லலாம். நைந்துபோன வெள்ளைச் சட்டையைவிட நெருக்கமாக நெய்த அடர்நிறச் சட்டை புற ஊதாவை அதிகம் தடுக்கும். வெள்ளைப் பருத்தி நனைந்துவிட்டால் அதன் தடுப்பு இன்னும் குறைந்துவிடும். இரண்டாவது, துண்டு உச்சந்தலையை மறைக்கிறது, கன்னத்தை மறைப்பதில்லை. மங்கு விழுவது கன்னத்தில்தான். துண்டின் முன்பக்கத்தைக் கூரை இறக்கியது போலக் கொஞ்சம் முன்னால் இழுத்துவிட்டால் போதும்.

பெரிய ஊர்களின் சிகிச்சைகளைப் பற்றியும் நியாயமாகப் பேச வேண்டும். போடாக்ஸ் என்பது கெட்டுப்போன உணவில் வளரும் ஒரு பாக்டீரியாவின் நஞ்சு. 1895-இல் பெல்ஜியத்தில் ஒரு சாவு வீட்டுக்கு வந்த வாத்தியக்காரர்கள் பன்றித் தொடைக்கறி சாப்பிட்டுச் சுருண்டபோதுதான் அந்தப் பாக்டீரியா பிடிபட்டது. நரம்பு தசைக்கு அனுப்பும் ரசாயனச் செய்தியை அது நிறுத்திவிடும். வான்கூவர் நகரின் கண் மருத்துவர் ஜீன் கரூத்தர்ஸ், இமைத் துடிப்புக்காக இதை ஊசி போட்டுக்கொண்டிருந்தவர். 1987-இல் ஒரு நோயாளியின் புருவ மத்திச் சுருக்கம் மறைவதைக் கவனித்து, தோல் மருத்துவரான கணவர் அலஸ்டேரோடு சேர்ந்து அதை அழகு சிகிச்சையாக்கினார். அமெரிக்க அரசு 2002-இல் அனுமதித்தது. அளவோடு, தெரிந்தவர் கையால் போட்டால் பெரிய ஆபத்தில்லை. மூன்று நான்கு மாதத்தில் கரைந்துவிடும், மறுபடி போட வேண்டும். ஆபத்தைவிடச் செலவுதான் நிச்சயம்.

ஃபில்லர் கதை வேறு. குழியை நிரப்ப ஜெல்லைச் செலுத்தும்போது ஊசி முனை ரத்தக் குழாய்க்குள் போய்விட்டால் அந்த இடத்துத் தோல் அழுகலாம். மூக்கு, புருவப் பகுதியில் என்றால் விழித்திரைக்குப் போகும் ரத்தம் அடைபட்டுப் பார்வையே போகலாம். அபூர்வம்தான். ஆனால் நடந்தால் நிமிடக் கணக்கில் நடவடிக்கை வேண்டும், ஜெல்லைக் கரைக்கும் ஹயலூரோனிடேஸ் மருந்து அறையிலேயே இருக்க வேண்டும். போகிறவர் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்: "அந்த மருந்து இங்க ஸ்டாக் இருக்கா டாக்டர்?" கேட்டதும் முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடலாம். வெளுப்பதற்காக நரம்பில் ஏற்றும் குளூட்டாதயோன் டிரிப்புக்கு இந்தக் கேள்விகூட வேண்டாம். பிலிப்பைன்ஸின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011-லேயே அது பாதுகாப்பில்லை என்று எச்சரித்துவிட்டது.

சென்னையில் 2016 மே மாதம் 22 வயது மருத்துவ மாணவர் ஒருவர் முடி நடும் சிகிச்சைக்குப் போனார். மணிக்கணக்கில் நடந்த சிகிச்சைக்கு நடுவே உடல்நிலை மோசமாகி, இரண்டு நாளில் இறந்துபோனார். அது மருத்துவமனையாகப் பதிவு பெற்ற இடமே இல்லை. மருத்துவம் படிக்கிற பிள்ளையே ஏமாற முடிந்தது என்றால் மற்றவர்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? 2022 செப்டம்பரில் தேசிய மருத்துவ ஆணையம், முறையான அறுவைப் பயிற்சி பெற்றவர்கள்தான் முடி நடலாம், பயிற்சிப் பட்டறையிலோ யூடியூபிலோ பார்த்துக் கற்றது போதாது என்று எழுத வேண்டி வந்தது. ஒரு நாட்டின் மருத்துவ ஆணையம் இதை எழுத்தில் போட வேண்டியிருந்தது என்பதே நிலைமையைச் சொல்லிவிடுகிறது.

மெதுவான வழிகளில் சந்தேகமில்லாமல் நிரூபணமானது சன்ஸ்க்ரீன். ஆஸ்திரேலியாவின் நாம்பூர் ஊரில் 55 வயதுக்குட்பட்ட 903 பேரை நாலரை ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். தினமும் தடவியவர்களிடம், இஷ்டப்பட்டபோது தடவியவர்களைவிடத் தோல் மூப்பு 24 சதவீதம் குறைவு. 2013-இல் வெளியானது. அங்கே சோதிக்கப்பட்டது பெரும்பாலும் வெள்ளைத் தோல் என்பதை மறக்கக் கூடாது. நம் தோலுக்கு, குறிப்பாக மங்குக்கு, கண்ணுக்குத் தெரியும் ஒளியும் எதிரி. இரும்பு ஆக்சைடு கலந்த, லேசாக நிறமிட்ட சன்ஸ்க்ரீன் அதையும் தடுக்கும். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி எடுத்தால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் போதும். பொட்டு வைத்தது போல வைத்துத் தேய்த்தால் அட்டையில் போட்டிருக்கும் எண்ணில் கால் பங்குகூடக் கிடைக்காது. விலை கட்டுப்படியாகாதவர்களுக்குக் குடை இருக்கிறது.

வீட்டு வைத்தியம் எல்லாமே சாது என்று நினைப்பதும் தப்பு. எலுமிச்சையைக் கன்னத்தில் தேய்த்துக்கொண்டு வெயிலில் இறங்கினால், அதிலுள்ள சொராலன் என்ற பொருள் புற ஊதாவோடு சேர்ந்து தோலைச் சுட்டு, இருந்ததைவிடக் கறுப்பாக்கும். ஜாதிக்காயைக் கல்லில் உரைத்து மங்கின் மேல் தினமும் அழுத்தித் தேய்த்தாலும் இதே கதைதான். எரிச்சல் படும் தோல் கறுத்துத்தான் ஆறும்.

நரைக்குப் போடும் கறுப்புச் சாயத்தில் பி.பி.டி. என்ற பொருள் இருக்கிறது. ஒவ்வாமை உள்ளவர்களுக்கு நெற்றியோரம் அரித்துப் புண்ணாகும், சிலருக்கு இமை மூடி வீங்கிவிடும். காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கச் சொல்லி அட்டையிலேயே போட்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமை சலூனில் யார் இரண்டு நாள் காத்திருப்பது? மாற்று நம் மண்ணிலேயே இருக்கிறது. பழைய தென்னார்க்காடு மாவட்டம் அவுரிச் சாயத்துக்குப் பேர் போனது. ஜெர்மனியின் செயற்கை நீலம் 1897-இல் சந்தைக்கு வந்ததும் அந்தப் பயிர் ஒடிந்தது, ஆனாலும் திண்டிவனம் பக்கம் இன்றும் விளைகிறது. முதலில் மருதாணி, அலசிய பிறகு அவுரிப் பொடி. சிவப்பின் மேல் நீலம் ஏறிக் கருமையாகத் தெரியும். நேரம் பிடிக்கும். 'கருப்பு மருதாணி' என்று பத்தே நிமிடத்தில் கறுக்கும் பொடிகளில் பி.பி.டி. இருக்க வாய்ப்பு உண்டு, அதனால் பொட்டலத்தைத் திருப்பிப் படிப்பது நல்லது.

இவ்வளவு நேரம் தோலையே பேசினோம். முதுமை தெரிவது தோலில் மட்டுமா? கல்வராயன் மலையில் விறகுச் சுமையோடு மேடு ஏறும் பாட்டிகளின் முகத்தில் சுருக்கம் நிறைய, தொடையில் வலு அதைவிட நிறைய. 1990-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் மரியா ஃபியதரோனேயின் ஆய்வு வந்தது. முதியோர் இல்லத்தில் இருந்த, சராசரி வயது 90 ஆன 10 பேருக்கு எட்டு வாரம் காலில் எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். தசை வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. எந்த ஊசியும் 90 வயதில் இப்படி ஒரு மாற்றத்தைச் செய்ததில்லை. எடை இல்லாவிட்டால் நாற்காலி போதும்: கையை ஊன்றாமல் எழுந்து உட்கார வேண்டும், முடிந்தமட்டும். அதற்குத் தீனியும் வேண்டும். சிறுநீரகம் நன்றாக இருக்கிற முதியவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் தினமும் புரதம் வேண்டும். 50 கிலோ பாட்டிக்கு 50 கிராம். மரவள்ளிக்கிழங்கிலும் வெறும் சோற்றிலும் அது வராது. உளுந்து 100 கிராமில் 24 கிராம் அளவு புரதம் இருக்கிறது. உளுந்தங்களியை வயசுக்கு வந்த பெண்ணுக்கு மட்டும் கிண்டாமல் பாட்டிக்கும் ஒரு கிண்ணம் வைக்கலாம். முட்டை வைத்தால் இன்னும் சுலபம்.

சாப்பிடப் பல் வேண்டுமே. முகம் ஒடுங்கிப்போவதற்கு ஃபில்லர்காரர்கள் சொல்லாத காரணம் இது. பல் விழுந்த இடத்தில் தாடை எலும்புக்கு வேலை இல்லை. உடம்பு அதைக் கரைத்துவிடும். எலும்பு கரையக் கரைய உதடு உள்ளே போகும், மூக்கும் மோவாயும் நெருங்கும். ஐம்பது வயதுக்காரர் எழுபதாகத் தெரிவது இப்படித்தான். வெற்றிலையோடு புகையிலை அடக்குகிறவர்களுக்கு ஈறு முன்னதாகவே விட்டுப்போகும், வாய்ப் புற்றின் பயம் வேறு. ஆடுகிற பல்லைப் பிடுங்குவதற்கு முன்பு காப்பாற்ற முடியுமா என்று பல் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்கலாம். பிடுங்கியாகிவிட்டால் பல்செட் கட்டிக்கொள்ளலாம். கட்டிய பல்செட் சில வருடங்களில் தளர்ந்துபோவது அதன் தவறில்லை, அடியில் எலும்பு இன்னும் கரைகிறது. அதைக் காட்டிச் சரிசெய்து வாங்கிக்கொண்டால் பாட்டி கடலை மெல்லலாம்.